சிம்சாப்ட் மதிப்புரை: ஸ்டெல்லரேட்டர் வடிவமைப்பு, நீலகிரியில் ஒரு 8 கோர் கணினியில்

ஸ்டெல்லரேட்டர் என்பது பிளாஸ்மா எனும் சூடான மின்னூட்ட வாயுவைக் காந்தப் புலத்தால் அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவு இயந்திரம்; அதை வடிவமைக்கும் மென்பொருள் சிம்சாப்ட். அதில் காயில் வடிவமைக்கும் பாதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பிளாஸ்மா வடிவம் தேடும் பாதி, கூடவே இருந்து கவனித்தால்தான் நல்ல விடை தரும். சிம்சாப்டை இறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் எங்கள் பதில். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துகொண்டு, பெரிய கிளஸ்டர் எதையும் நம்பாமல், ஒரு டெஸ்க்டாப்பையும் யுபிஎஸ்ஸையும் வைத்து ஸ்டெல்லரேட்டர் வடிவமைப்பைக் கற்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம்.

சிம்சாப்ட் இலவசம், எம்ஐடி உரிமத்தில் வருகிறது. மேலே பைதான், உள்ளே கணக்கு ஓடும் பகுதி சி பிளஸ் பிளஸ். மாட் லேண்ட்ரிமனும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல் இதைக் கட்டுரையாக அறிமுகப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே லேண்ட்ரிமனும் எலிசபெத் பாலும் இதை வைத்து, அதுவரை யாரும் எட்டாத துல்லியத்தில் குவாசி சமச்சீர் (அடுத்த பத்தியில் விளக்குகிறோம்) உள்ள இரண்டு வடிவங்களை வெளியிட்டார்கள். அந்த இரண்டுமே மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டுகளில் இருக்கின்றன. ஒரு கருவியை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: நீங்களே ஓட்டி, வெளியான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

துறைக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் ஆதித்யா, எஸ்எஸ்டி-1 இரண்டும் டோகமாக் எனும் வளைய வகை இணைவு இயந்திரங்கள். டோகமாக்கில் காந்தப் புலக்கோட்டுக்கு முறுக்கு கொடுப்பது பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம். அது திடீரென்று குலைந்தால் மொத்தப் பிளாஸ்மாவும் போய்விடும். லைமன் ஸ்பிட்சர் 1951-இல் பிரின்ஸ்டனில் முன்வைத்த ஸ்டெல்லரேட்டரில் முறுக்கு ஏறக்குறைய முழுவதும் வெளியே உள்ள காயில்களிலிருந்து வருகிறது, ஆகவே அந்தக் குலைவு பயம் இல்லை. ஆனால் வடிவத்தில் சமச்சீர் போய்விடுவதால், புலத்தில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும் துகள்கள் மெல்ல மெல்ல வெளியே நழுவும். இதற்கு மருந்துதான் குவாசி சமச்சீர். வடிவம் எப்படி முறுக்கியிருந்தாலும், பூசர் ஆயங்களில் (புலக்கோடுகள் நேர்கோடாகத் தெரியும்படி எடுக்கும் கோண அளவுகளில்) பார்க்கும்போது புலத்தின் வலிமை ஒரே ஒரு கோணச் சேர்க்கையை மட்டும் சார்ந்திருந்தால் போதும், துகளுக்கு அது சமச்சீரான இயந்திரம்போலவே தெரியும். நூரன்பெர்க்கும் சில்லேயும் 1988-இல் இப்படி ஒரு வடிவம் உண்டு என்று காட்டினார்கள். சிம்சாப்ட் செய்வது அந்த வடிவத்தைத் தேடுவதும், பிறகு அந்தப் புலத்தை உண்டாக்கும் காயில்களைத் தேடுவதும்.

வடிவத்தை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுத்தால் பிறகு எத்தனை சிக்கல் மிச்சமாகும் என்பதற்கு இந்த மலையிலேயே சாட்சி இருக்கிறது. ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதை வைக்கத் தேடியது, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்த ஒரு சரிவு. சரிவு கிடைத்தவுடன் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் வானப்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். ஸ்டெல்லரேட்டர்காரர்கள் கணினியில் தேடுவதும் இப்படி ஒரு வடிவத்தைத்தான்.

இனி இன்ஸ்டாலேஷன். காயில் பகுதி மட்டும் போதும் என்றால் பைதான் தொகுப்புகளை ஏற்றும் பிப் கட்டளை ஒன்றே போதும். லினக்ஸிலும் மேக்கிலும் தடையில்லை. விண்டோஸ் என்றால் உள்ளே லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டு அதில் ஏற்றுங்கள், நேரடியாக ஏற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பிளாஸ்மா பகுதிக்கு விமெக் தேவை, சிரமம் அங்கேதான். ஹிர்ஷ்மனும் விட்சனும் 1983-இல் வெளியிட்ட இந்தச் சமநிலைக் கணிப்பு நிரல் ஃபோர்ட்ரான் மொழியில் உள்ளது. அதற்கு ஃபோர்ட்ரான் கம்பைலர், எம்பிஐ (பல கோர்கள் சேர்ந்து வேலை செய்ய உதவுவது), நெட்சிடிஎஃப் (தரவுக் கோப்பு நூலகம்), ஸ்கேலபேக் (அணிக்கணக்கு நூலகம்) எல்லாம் ஒரே சூழலில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எம்பிஐ ஒரு இடத்திலிருந்தும் அதன் பைதான் இணைப்பு வேறு இடத்திலிருந்தும் வந்தால், இன்ஸ்டால் ஆகும்; ஓட்டும்போது ஒவ்வொரு கோரும் தன்னை முதல் கோர் என்று நினைத்துக்கொண்டு ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்யும். ஓட்டம் தொடங்கியதும் எத்தனை கோர்கள் குழுவாகச் சேர்ந்தன என்று அச்சிட்டுப் பாருங்கள். எட்டு கோர் வைத்திருக்கும்போது ஒன்று என்று வந்தால் நோய் இதுதான்.

இந்தச் சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி. எல்லாம் சேர்த்துக் கட்டிய டாக்கர் இமேஜ் கிடைக்கிறது. கோப்பு பெரியது, மலையில் மொபைல் இணைப்பை நம்பி இறக்குவதைவிட மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இறக்கி பென் டிரைவில் கொண்டுவருவது நிம்மதி. இரண்டாவது, ப்ராக்ஸிமா ஃப்யூஷன் வெளியிட்ட விமெக் பிளஸ் பிளஸ். இது சி பிளஸ் பிளஸ்ஸில் புதிதாக எழுதியது, பிப் வழியே ஏறுகிறது. பழைய விமெக்கில் உள்ள எல்லா வசதியும் அதில் இல்லை. ஆனாலும் ஸ்டெல்லரேட்டர் சமச்சீர் (மேல்-கீழையும் சுற்றும் திசையையும் சேர்த்துப் புரட்டினால் அதே வடிவம் வருவது) உள்ள வழக்கமான வடிவங்களில் தொடங்குபவருக்கு அது போதும்.

கணினி எத்தனை கோர் வேண்டும் என்ற கேள்விக்குச் சரியான விடை கணக்கிலேயே இருக்கிறது. பிளாஸ்மா பகுதி சாய்வைக் (ஒவ்வொரு மாறியும் மாறினால் இலக்கு எவ்வளவு மாறும் என்பதை) கண்டுபிடிக்க ஒவ்வொரு மாறியையும் ஒருமுறை அசைத்து விமெக்கை ஓட்டுகிறது. எல்லை வடிவத்தின் ஃபூரியர் முறைகளை (வடிவத்தைச் சேர்ந்து கட்டும் அலைகளை) 1 வரை திறந்தால் மாறிகள் 8, 2 வரை என்றால் 24, 3 வரை 48, 4 வரை 80 (பெரிய ஆரத்தை, அதாவது முழு வளையத்தின் ஆரத்தை, மாறாமல் பூட்டிவிட்ட பிறகு). அசைக்காத நிலைக்கு ஒன்று கூட்டினால், 24 மாறிக்கு ஒரு சாய்வுக்கு 25 விமெக் ஓட்டம். 8 கோரில் அது 4 சுற்று. 7 கோரிலும் 4 சுற்றுதான். 5 கோருக்கும் 6 கோருக்கும் 5 சுற்று. ஆகவே ஒரு கோரை உங்கள் மற்ற வேலைக்கு விட்டுவிட்டு 7-இல் ஓட்டினால் நேரம் போகாது. த்ரெட் எண்ணிக்கையைக் குறிக்கும் ஓஎம்பி மாறியை (OMP_NUM_THREADS) 1 என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எம்பிஐ வேலையும் எல்லாக் கோர்களையும் பிடிக்கப் பார்த்து, எல்லாமே மெதுவாகிவிடும். ஹைப்பர்த்ரெட்டிங் காட்டும் இரட்டை எண்ணிக்கையை நம்பாமல், உண்மையான கோர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம். இதற்குச் சிம்சாப்டில் நல்ல ஏற்பாடு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்மா பகுதியின் எம்பிஐ தீர்வி, ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஒரு உரைக் கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும்: எத்தனையாவது மதிப்பீடு, எத்தனை நொடி, மாறிகளின் மதிப்பு, இலக்குச் சார்பின் மதிப்பு. கரண்ட் வந்தபின் அந்தக் கோப்பில் இலக்கு மிகக் குறைந்த வரியை எடுத்து, அந்த மாறிகளைத் தொடக்கமாகக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காயில் பகுதியில் இந்த வசதி தானாக வராது. சில பத்து சுற்றுக்கு ஒருமுறை காயில்களை ஜேசன் கோப்பாகச் சேமிக்கும்படி நீங்களே இரண்டு வரி எழுதிக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்மா பகுதிக்கு வருவோம். கூட வரும் எடுத்துக்காட்டுகளில் 4 பீரியட் (ஒரு முழு வளையத்தில் அதே வடிவம் நாலு முறை திரும்பி வருவது) உள்ள குவாசி-ஹெலிக்கல் வடிவத்தில், அதாவது புல வலிமை சுருள் திசையில் சமச்சீராக உள்ள வடிவத்தில், தொடங்குங்கள். இலக்குகள் இரண்டே: பெரிய ஆரத்துக்கும் சிறிய ஆரத்துக்கும் (பிளாஸ்மாக் குழாயின் ஆரம்) உள்ள விகிதம், குவாசி சமச்சீர் எச்சம் (சமச்சீரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்). எச்சத்தை மையத்திலிருந்து விளிம்புவரை பல காந்தப் பரப்புகளில் (புலக்கோடுகள் படியும் அடுக்குகளில்) கணக்கிடச் சொல்லுங்கள். விளிம்பில் மட்டும் கேட்டால் உள்ளே கெட்டுப்போகும். முதலில் முறைகள் 1 வரை, பிறகு 2, பிறகு 3 என்று திறந்துகொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்தால் தேடல் முதல் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும், அல்லது பரப்பு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு விமெக் நின்றுவிடும். முறைகளைக் கூட்டும்போதெல்லாம் விமெக்கின் சொந்தத் தெளிவையும் (ரெசல்யூஷன்) கூட்ட வேண்டும். எல்லை முறைகளைவிட அது எப்போதும் இரண்டு மூன்று படி மேலே இருக்கட்டும்.

பொதுவாக எங்கே தவறும்? முதல் இடம் விமெக்கின் நிறுத்த அளவு, அதாவது எஞ்சிய பிழை எவ்வளவு சிறிதானால் கணக்கை நிறுத்தலாம் என்ற எண். நேரம் மிச்சம் என்று அதை 10⁻⁸ அளவுக்குத் தளர்த்தினால் விடையில் சத்தம் (எண்களில் சின்னக் குலுங்கல்) ஏறும். சாய்வுக்காக மாறிகளை அசைப்பது அதைவிடப் பெரிதாக இல்லை. சத்தத்தைச் சிறிய அசைவால் வகுத்தால் கிடைப்பது சாய்வல்ல, சத்தம்தான். இலக்கு நாலைந்து சுற்று இறங்கி அப்படியே நின்றுவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். 10⁻¹² அல்லது அதற்குக் கீழே வைத்தால் ஒவ்வொரு ஓட்டமும் நீளும், ஆனால் ஓட்டங்களின் எண்ணிக்கை குறையும்.

இரண்டாவது, குவாசி-ஆக்ஸி (புல வலிமை வளையத்தைச் சுற்றும் திசையில் சமச்சீரான) வடிவம் தேடும்போது ஐயோட்டா இலக்கை விடுவது. ஐயோட்டா என்பது புலக்கோடு ஒருமுறை பெரிய வளையத்தைச் சுற்றும்போது குறுக்கே எத்தனை சுற்று முறுக்குகிறது என்ற எண். முறுக்கே இல்லாத வெறும் வளையம் முழுச் சமச்சீர் உடையது. அதன் எச்சம் சுழியம். இலக்கில் ஐயோட்டா இல்லாவிட்டால் தேடல் நேராக அந்த வளையத்துக்குப் போய்விடும். எச்சம் அழகாக இறங்கும், கையில் இருப்பது பிளாஸ்மாவைப் பிடிக்காத வடிவம். லேண்ட்ரிமன்-பால் வடிவத்தில் சராசரி ஐயோட்டா 0.42, பீரியட் 2, ஆர விகிதம் 6. 0.42-இன் வசதி என்னவென்றால், 2 பீரியட் வடிவத்தில் 2/5 என்ற 0.4-ம் 2/4 என்ற 0.5-ம் காந்தத் தீவுகள் (பரப்பு உடைந்து உருவாகும் தனித் துண்டுகள்) உருவாகும் எண்கள். ஐயோட்டா மையத்திலிருந்து விளிம்புவரை அதிகம் மாறாத வடிவத்தில் முழு வீச்சையும் இந்த இரண்டுக்கும் நடுவில் அடக்கிவிடலாம். சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், மைய மதிப்பையும் விளிம்பு மதிப்பையும் தனித்தனியாக அச்சிடுங்கள். குவாசி-ஹெலிக்கலில் மைய அச்சே சுருளாகப் போவதால் ஐயோட்டா தானாக வந்துவிடும், அங்கே இந்த இலக்கு கட்டாயமில்லை. ஆனால் சுருளின் திசைக்குறியைச் சரியாகக் கொடுக்க வேண்டும்: குறி மாறினால் வலக்கைச் சுருளை இடக்கையாக்கச் சொல்லித் தேடலைத் திணறடிப்பீர்கள்.

மூன்றாவது, விமெக் பாதியில் தோற்றால் சிம்சாப்ட் அந்த இடத்துக்கு மிகப் பெரிய மதிப்பைப் போட்டுவிட்டுத் தொடர்கிறது. தேடலின் ஒரு அடி தோற்றால் இது சரியான ஏற்பாடு, அடி சுருங்கும். சாய்வுக்கான அசைவு தோற்றால் மட்டும் அந்தச் சாய்வு முழுவதும் பொய்யாகிவிடும். பதிவுக் கோப்பில் நடுவில் திடீரென்று ராட்சத எண் தெரிந்தால், தொடக்க வடிவத்தைக் கொஞ்சம் மென்மையாக்கி மறுபடி தொடங்குவதே நல்லது.

நான்காவது குறை விமெக்குடையது. அது காந்தப் பரப்புகள் வெங்காயத் தோல்போல ஒன்றுக்குள் ஒன்றாக எப்போதும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. உண்மையில் தீவுகள் இருந்தாலும் அதற்குத் தெரியாது. இதைச் சரிபார்க்கும் வழி கீழே வருகிறது.

நிலைப்புத்தன்மைக்கு முதல் சோதனை காந்தக் கிணறு. பரப்புக்குள் அடங்கும் கன அளவு வெளிப்பக்கம் போகப்போக எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்து ஒரே எண்ணாகத் தரும் வசதி விமெக் பகுதியில் இருக்கிறது. எண் நேர்மறையாக இருந்தால் கிணறு, எதிர்மறையாக இருந்தால் மேடு. மேட்டில் அழுத்தம் ஏறினால் பிளாஸ்மா வெளியே பிதுங்கப் பார்க்கும். இதையும் இலக்கில் சேர்க்கலாம். சேர்த்தால் குவாசி சமச்சீர் கொஞ்சம் கெடும், அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். அழுத்தம் கூடும்போது பிளாஸ்மா தானே உண்டாக்கும் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் ஐயோட்டாவை நகர்த்தும். அதையும் ஒத்திசைக்கும் இலக்கு இருக்கிறது. கொந்தளிப்பு மட்டும் இதன் எல்லைக்கு வெளியே. அதற்கு வேறு நிரல்கள் வேண்டும்.

இப்போது காயில் பகுதி. சிம்சாப்டின் பலம் முழுவதும் இங்கே தெரிகிறது. காயில்களை மெல்லிய கம்பிகளாக வைத்து, பயோ-சவார் விதியால் புலத்தைக் கணக்கிட்டு, பிளாஸ்மா எல்லைப் பரப்புக்குச் செங்குத்தாக எட்டிப் பார்க்கும் புலத்தைச் சுழியத்துக்கு இறக்குகிறது. இங்கே அசைத்துப் பார்க்கும் வேலை இல்லை, சாய்வு நேரடிச் சூத்திரத்தில் வருகிறது. அதனால் மாறிகள் நூற்றைத் தாண்டினாலும் சாதாரண லேப்டாப்பில் சில நிமிடத்தில் முடிகிறது. அரை பீரியடுக்கு 4 காயில், ஃபூரியர் வரிசை 5 என்று வைத்தால் ஒரு காயிலுக்கு 33 எண், நாலுக்கு 132, மின்னோட்டங்கள் 3. நாலில் ஒரு மின்னோட்டத்தைப் பூட்டியே ஆக வேண்டும். பூட்டாவிட்டால் எல்லா மின்னோட்டமும் சுழியத்துக்கு இறங்கி, செங்குத்துப் புலமும் சுழியமாகி, வேலை முடிந்தது என்று நிரல் நின்றுவிடும். 2 பீரியட் வடிவத்தில் இந்த 4 காயில் சமச்சீரால் 16 ஆகிறது.

தொடக்கத்துக்கு, பெரிய ஆரம் 1 மீட்டர் உள்ள வடிவத்தில் இந்த அளவுகள் நன்றாக வேலை செய்கின்றன: காயில்-காயில் இடைவெளி குறைந்தது 0.1 மீட்டர், காயில்-பிளாஸ்மா இடைவெளி 0.3 மீட்டர், வளைவு மீட்டருக்கு 5-க்கு மேல் போகாமல் (அதாவது வளைவு ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல்). நீளத்துக்குத் தண்டனை (நீளம் கூடினால் இலக்கின் மதிப்பும் கூடும்படி வைப்பது) கட்டாயம். காரணம், காயிலில் உள்ள சின்னச் சின்ன நெளிவுகளின் புலம் தூரத்தில் மிக வேகமாகத் தேய்ந்துவிடும். பிளாஸ்மாவுக்கு அது தெரியாது. நீளம் இலவசம் என்றால் தேடல் கடைசித் துளிப் பிழையை நீக்க நெளிவுகளைக் கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் யாரும் செய்ய முடியாத காயில் வரும். நாலு காயிலின் மொத்த நீளம் 18, 20, 22, 24 மீட்டர் என்று வரம்பை உயர்த்தி ஓட்டிப் பார்த்த வெக்சுங் குழுவின் 2022 கட்டுரை இதே பரிமாற்றத்தைக் காட்டுகிறது. உங்கள் வடிவத்துக்கும் அதேபோல ஒரு வரிசை ஓட்டி, நீளம் கூடும்போது பிழை எங்கே இறங்குவது நிற்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கவனிக்க வேண்டிய மூன்று சங்கதிகள். காயில் மீது எத்தனை புள்ளியில் கணக்கிடுகிறோமோ அந்தப் புள்ளிகளில்தான் இடைவெளியும் வளைவும் சோதிக்கப்படும். ஃபூரியர் வரிசையை உயர்த்திவிட்டுப் புள்ளிகளை அப்படியே விட்டால், இரண்டு புள்ளிக்கு நடுவில் கூர்முனை ஒளிந்துகொள்ளும். புள்ளிகள் ஒரே பக்கம் கூடாமல் இருக்க, வில் நீளத்தைச் சமமாக வைக்கும் இலக்கைச் சிறிய எடையில் சேருங்கள். இரண்டு காயில்கள் சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதும் உண்டு. இடைவெளி இலக்கு அதைப் பிடிக்காது, பிணைப்பு எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். இடைவெளி வரம்புகள் எல்லாம் மென்மையான தண்டனைகள் என்பதையும் மறக்கக் கூடாது. 0.1 கேட்டால் 0.097 வரலாம். கண்டிப்பாக 0.1 வேண்டும் என்றால் 0.105 கேளுங்கள்.

அடுத்து, மென்பொருள் தானாகச் சொல்லாத கணக்கு. 1 மீட்டர் ஆரத்தில் சராசரி 1 டெஸ்லா வேண்டும் என்றால் காயில்களின் மொத்த மின்னோட்டம் 50 லட்சம் ஆம்பியர்-சுற்று. 16 ஆல் வகுத்தால் ஒரு காயிலுக்கு 312.5 கிலோஆம்பியர்-சுற்று. எடுத்துக்காட்டில் உள்ள 100 கிலோஆம்பியரை அப்படியே விட்டால் கிடைப்பது 0.32 டெஸ்லா, வடிவம் மாறாது, அளவு மாறும். நீர் ஓட்டிக் குளிர்விக்கும் செம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர் என்று எடுத்தால் 312.5 கிலோஆம்பியருக்கு 31,250 சதுர மில்லிமீட்டர், அதாவது 18 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த பக்கமுள்ள சதுரம். மையத்திலிருந்து மையம் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் அது நுழையாது! புலத்தை 0.1 டெஸ்லாவாகக் குறைத்தால் பக்கம் 56 மில்லிமீட்டர், அப்போது இடம் இருக்கிறது. கம்பி மாதிரியில் அழகாக முடிந்த வடிவத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். தடிமனைச் சேர்த்துப் பல இழைகளாகக் கணக்கிடும் எடுத்துக்காட்டும் சிம்சாப்டில் இருக்கிறது, ஓட்ட நேரம் கூடும். 1 டெஸ்லா புலத்தில் 312.5 கிலோஆம்பியர் மீது விழும் விசை மீட்டருக்கு 312.5 கிலோநியூட்டன், சுமார் 32 டன் எடை. புதிய பதிப்புகளில் இந்த விசையைக் குறைக்கும் இலக்குகளும் வந்திருக்கின்றன.

கோவையில் மோட்டார், பம்ப் செட் காயில் சுற்றுபவர்களிடம் இந்த வடிவத்தைக் காட்டினால் முதலில் உள்நோக்கிக் குழிந்த இடத்தைத்தான் சுட்டுவார்கள். கம்பியை இழுத்துச் சுற்றும்போது குழிவில் அது ஃபார்மரோடு (கம்பி சுற்றும் அச்சோடு) ஒட்டாமல் நேர்கோடாகத் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே கிளாம்ப் போட்டு அமுக்க வேண்டும். சராசரி வளைவுக்கும் உச்ச வளைவுக்கும் இலக்கு இருக்கிறது, ஆனால் குழிவா குவிவா என்று அவை பார்ப்பதில்லை. இந்த மென்பொருளில் எங்களுக்கு உண்மையான மனக்குறை இதுதான். முப்பரிமாணப் படம் காட்டும் பாராவியூவில் காயில்களைத் திறந்து கண்ணால் பார்த்து, குழிவு அதிகமான காயிலுக்கு நீளத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுவதே இப்போதைக்கு வழி.

காயில்கள் கிடைத்ததும் உண்மைச் சோதனை. அந்தக் காயில்களின் புலத்தில் புலக்கோடுகளைப் பல நூறு சுற்று தொடர்ந்து, ஒரு குறுக்குவெட்டில் விழும் புள்ளிகளைப் பார்ப்பது பாயின்காரே படம். மூடிய வளையங்கள் வந்தால் பரப்புகள் உண்மையில் இருக்கின்றன. மணி கோத்ததுபோல விட்டுவிட்டு வந்தால் தீவு, இரைந்து கிடந்தால் குழப்பம். வேகத்துக்காகப் புலத்தை முன்கூட்டியே கட்டங்களில் கணக்கிட்டு இடையில் நிரப்பும் வசதி உண்டு. கட்டம் பரும்படியாக இருந்தால் அந்த நிரப்பலே போலித் தீவுகளை உண்டாக்கும். நேரடிப் புலத்துக்கும் நிரப்பிய புலத்துக்கும் உள்ள உச்ச வேறுபாட்டை முதலில் அச்சிடுங்கள். செங்குத்துப் புலத்தின் சராசரி மட்டும் சிறிதாக இருந்தால் போதாது, உச்சத்தையும் பாருங்கள். பிறகு அந்தக் காயில் புலத்துக்குப் பொருந்தும் பரப்பை எடுத்து விமெக்கில் மறுபடி ஓட்டி, ஐயோட்டாவும் எச்சமும் முதல் பகுதியில் வந்தவையோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

இணைவு உலையில் பிறக்கும் ஆல்ஃபா துகளின் ஆற்றல் 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். அது எவ்வளவு நேரம் உள்ளே தங்கும் என்று பார்க்க, வடிவத்தைச் சிறிய ஆரம் 1.7 மீட்டர், புலம் 5.7 டெஸ்லா என்ற ஏரிஸ்-சிஎஸ் (காகிதத்தில் மட்டும் வடிவமைத்த ஒரு ஸ்டெல்லரேட்டர் மின் உலை) அளவுக்குப் பெருக்கிவிட்டுத் துகள்களை ஓடவிடுவது வழக்கம். பெருக்காமல் 1 மீட்டர் இயந்திரத்தில் ஓடவிட்டால் எந்த வடிவமும் எல்லாவற்றையும் இழக்கும், ஒப்பிடவே முடியாது.

தயாரிப்புப் பிழைதான் இந்தத் துறையைப் பலமுறை அடித்த இடம். பிரின்ஸ்டனில் கட்டிக்கொண்டிருந்த என்சிஎஸ்எக்ஸ் ஸ்டெல்லரேட்டரின் காயில்களுக்கு 1.5 மில்லிமீட்டர் துல்லியம் கேட்டது. செலவும் காலமும் எகிறி 2008-இல் திட்டமே நிறுத்தப்பட்டது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 50 நெளிந்த காயில்களும் 20 தட்டைக் காயில்களும் கொண்ட வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டர் 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மாவைப் பிடித்தது. அதன் புலப் பிழை லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அளந்து காட்டினார்கள். சிம்சாப்டில் காயில்களைச் சீரற்ற முறையில் மெல்ல வளைத்து, பல மாதிரிகளின் சராசரியை இறக்கும் வசதி உண்டு. 1 மில்லிமீட்டர் பிழையில் தொடங்குங்கள். தேடலுக்கு வைத்த மாதிரிகளை வைத்தே விடையைச் சோதிக்காமல், புதிய மாதிரிகளில் சோதியுங்கள்.

சிறிய இயந்திரம் நினைப்பவர்களுக்கு இந்த மலைக்கே உரிய ஒரு கணக்கு. இங்கே பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா; காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் அது ஏறக்குறைய கிடையாக வடக்கு நோக்கி இருக்கிறது. 1 டெஸ்லா இயந்திரத்தில் அது லட்சத்தில் நாலு பங்கு. 0.1 டெஸ்லா இயந்திரத்தில் பத்தாயிரத்தில் நாலு. லேண்ட்ரிமன்-பால் வடிவங்களில் சமச்சீரைக் கெடுக்கும் புலப் பகுதி பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அதாவது மேசை மேல் வைக்கும் அளவில், அரும்பாடுபட்டுத் தேடிய சமச்சீரைப் பூமியே கெடுத்துவிடும். சிம்சாப்டில் புலங்களைக் கூட்டலாம். மாறாத கிடைப்புலம் ஒன்றைச் சிறிய வகுப்பாக எழுதிக் காயில் புலத்தோடு கூட்டி, பாயின்காரே படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

வேறு எதைப் பயன்படுத்தலாம் என்ற ஒப்பீடு சுருக்கமாக. பிரின்ஸ்டனில் உருவான டெஸ்க் நிரலும் இலவசம். அது தானியங்கி வகைக்கெழுவால் பிளாஸ்மா பகுதியிலும் சரியான சாய்வைத் தருகிறது, ஜிபியு இருந்தால் பறக்கிறது. பிளாஸ்மா பகுதிக்கு மட்டும் கருவி தேடுகிறீர்கள், நல்ல நினைவகம் உள்ள ஜிபியுவும் கையில் இருக்கிறது என்றால் டெஸ்க் எடுங்கள். நினைவகம் குறைந்த ஜிபியுவில் தெளிவைக் கூட்டினால் நடுவில் இடம் போதாமல் விழும். ஸ்டெல்ஆப்ட் பழைய, பெரிய தொகுப்பு, அனுபவசாலிகளுக்கு. ஜிபியு இல்லாத 8 கோர் கணினி, காயில்வரை போக வேண்டும், நிரலைத் திறந்து படித்துக் கற்க வேண்டும் என்பவர்களுக்குச் சிம்சாப்ட்.

ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் பதிப்புக்குப் பதிப்பு வகுப்புகளின் பெயரும் இடமும் கொஞ்சம் நகர்கின்றன. வேலை தொடங்கும் நாளில் சிம்சாப்ட், விமெக், நம்பை (பைதானின் எண்கணக்கு நூலகம்) மூன்றின் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதி விடைகளோடு சேர்த்து வையுங்கள். நடுவில் எதையும் புதுப்பிக்க வேண்டாம். வரிசையும் இப்படி இருக்கட்டும்: முதலில் கொடுத்த பிளாஸ்மா எல்லையை வைத்துக் காயில் எடுத்துக்காட்டு, அதன் பாயின்காரே படம், நீளத்தை மாற்றி மூன்று நாலு ஓட்டம். விமெக்கை ஏற்றும் சண்டைக்கு அதன் பிறகு இறங்கினால் போதும்.